வராத நாளுக்குப் போட்ட டிக்

ஜூன் 4

அக்கா,

உன் நாலு வரிக் கடிதம் வந்தது. அதில் மூன்று வரி ‘கவலைப்படாதே’. படித்ததிலிருந்து அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

உன் ஃபோன் இருபது நாளாக அணைந்து கிடக்கிறது. மணிச் சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறது, கடிதம் போடு என்கிறாய். சரி. பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் லீவு லெட்டரைத் தவிர வேறு கடிதம் எழுதியதில்லை. கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

ஆறு வருஷம் புகார் மையத்தில் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு தினமும் தொண்ணூறு பேரிடம் திட்டு வாங்கினாய். நீ கழிப்பறையில் அழுத நேரத்தைக்கூட உன் இடைவேளையில் பிடித்துக்கொண்டார்கள். இப்போது, ‘உடம்பு தேறினதும் பாக்கலாம்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கு என்ன, நாற்காலி சூடு ஆறுவதற்குள் அடுத்த ஆள் வந்து உட்கார்ந்திருப்பாள்.

நான் பராமரிக்கிற லிஃப்ட்களில் ஒன்று ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவு வாசலில் ஒரு வழவழப்பான துண்டறிக்கை கிடைத்தது. மனச்சோர்வைச் சமாளிக்க அன்றாடப் பழக்கங்கள். அட்டையில் ஒரு பெண் வெள்ளை சோபாவில் சாய்ந்து சிரிக்கிறாள். மனச்சோர்வு வந்தால் சோபாவும் சேர்த்துக் கொடுப்பார்கள் போலிருக்கிறது. ‘நண்பர்களுடன் சுற்றுலா செல்லுங்கள்’ என்று போட்டிருந்த இடத்தில் கிழித்தெறியப் போனேன். ஆனால் கடைசிப் பக்கம் உருப்படியாக இருந்தது. சின்னக் காரியமாகச் செய்யுங்கள், மனசு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், செய்த பிறகுதான் மனசு வரும் என்று எழுதியிருந்தது.

அதனால் எங்கள் பராமரிப்பு அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் உனக்குக் கட்டம் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஆறு வரி. ஏழு மணிக்குள் படுக்கையை விட்டு எழுவது, ஜன்னலைத் திறப்பது, குளிப்பது, சூடாக ஏதாவது சாப்பிடுவது, தெருவில் பத்து நிமிஷம் நடப்பது, ஒரு மனுஷரிடம் ஒரு வாக்கியம் பேசுவது. செய்தால் டிக். சனிக்கிழமை அட்டையைத் தபாலில் போடு. வாராவாரம் புது அட்டை வரும். இந்தத் தடவை மட்டும் ஒன்று கூடுதலாக வைத்திருக்கிறேன், தபால் தாமதமானால் உதவும்.

நேரில் வந்து உன் ஜன்னலை நானே திறந்துவிடுவேன். லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஊரைவிட்டே போகக்கூடாதாம். காரணத்தை அப்புறம் எழுதுகிறேன்.

உன் முட்டைக்கண்ணன்

*

ஜூன் 13

டேய் முட்டைக்கண்ணா,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் லிஃப்ட் இல்லை. எண்ணெய் போட்டால் ஓடமாட்டேன்.

அட்டை திங்கட்கிழமை வந்தது. ஆறு நாள், முப்பத்தாறு கட்டம். மூன்று டிக் போட்டிருக்கிறேன். சிரிக்காதே. ‘குளிப்பது’ என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டாய். நான் படுத்தபடியே எண்ணிப் பார்த்தேன். போர்வையை விலக்கவேண்டும், காலைத் தரையில் வைக்கவேண்டும், எழவேண்டும், துண்டைத் தேடவேண்டும். வாளி நிறைகிற வரைக்கும் நின்றுகொண்டிருக்கவேண்டும். அந்த நிற்பதுதான் முடியவில்லை. வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, நான் குளியலறை வாசலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குழாயை மூட முடியாத ஆள் எதற்கு என்று தோன்றியது.

எதைப் பார்த்துப் பயம் என்று கேட்பாய். தெரிந்தால் சொல்லமாட்டேனா? காலையில் கண் விழித்ததும் நெஞ்சுக்குள் யாரோ புகார் சொல்ல வரிசையில் நிற்கிற மாதிரி இருக்கிறது. ஃபோனைத் துண்டில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அணைந்த ஃபோன்தான். இருந்தும் அலமாரிக்கு முதுகு காட்டிப் படுக்க முடியவில்லை.

வியாழக்கிழமை நடக்கப் போனேன். தெருமுனை வரைக்கும் நன்றாகத்தான் போனேன். அங்கே ஒருவன் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. எங்கள் மையத்தில் அடிக்கிற அதே மணி. ஓடி வந்துவிட்டேன். படியேறி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் பார்த்தேன், ஒரு கால் செருப்பு இல்லை. திரும்பப் போய் எடுக்கவில்லை. முப்பத்திரண்டு வயசு மனுஷி ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்ததற்கு டிக் போடலாமா? பத்து நிமிஷம் ஆகவில்லை. ஓட்டத்தை நடையாகச் சேர்த்துக்கொள்வீர்களா என்று உங்கள் கம்பெனியில் கேட்டுச் சொல்.

நீ ஏன் ஊரைவிட்டுப் போகக்கூடாது? அதை ஏன் எழுதவில்லை?

அக்கா

*

ஜூன் 17

அக்கா,

மூன்று டிக்! மூன்று பெரிய விஷயம். ஓட்டத்துக்கும் டிக் உண்டு, நான் உத்தரவு போடுகிறேன்.

ஆனால் மூன்றோடு நிறுத்தாதே. அடுத்த அட்டையில் இருபது டிக்காவது வரவேண்டும். கறாராகத்தான் சொல்கிறேன். விட்டால் நீ படுத்துக்கொண்டே இருப்பாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வாளிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளி. நிற்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. செருப்பு புதிதாக வாங்கு. ‘முடியல’ என்பதைக் கொஞ்ச நாள் எடுத்து வை. மனசு வைத்தால் முடியும்.

எங்கள் மேற்பார்வையாளர் இப்படித்தான் பேசுவார். ‘மனசு வெச்சா பதினாலு முடியும்யா.’ ஒரு லிஃப்ட்டை ஒழுங்காகப் பார்க்க முக்கால் மணி நேரம் வேண்டும். ஒரு நாளைக்குப் பதினாலு கொடுக்கிறார்கள். அவருக்கு வாய்ப்பாடு தெரியாதா, இல்லை எங்கள் நாளுக்கு மட்டும் கூடுதல் மணி இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஊரைவிட்டுப் போகாமல் இருப்பதற்குக் காரணம், ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் ஒரு துப்புரவுப் பணியாளருக்குக் காலில் அடிபட்டுவிட்டது. விசாரணை நடக்கிறது. வெறும் சம்பிரதாயம்தான். நீ அதையெல்லாம் மனசில் போட்டுக்கொள்ளாதே.

இருபது. மறக்காதே.

முட்டைக்கண்ணன்

*

ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடியே செய்தேன். இப்போது நன்றாக இருக்கிறேன். இருபது கேட்டாய், அதற்கு மேலேயே போட்டிருக்கிறேன். வாராவாரம் அனுப்பி உனக்குத் தொல்லை கொடுக்கவேண்டாம் என்று, மாதக் கடைசி வரைக்குமான அட்டையையும் இதோடு வைத்திருக்கிறேன்.

ஜன்னலில் இருந்த செடியைக் கீழ்க்கடைத் தையற்காரம்மாவின் வாசலில் வைத்துவிட்டேன். அங்கே வெயில் நன்றாக விழும். நீ ஆறாம் வகுப்பில் முன்பல் இல்லாமல் எடுத்த ஃபோட்டோ என்னிடம் இருந்தது. இனி நீயே பத்திரமாக வைத்துக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு. வேலையில் கவனமாக இரு. நீ எனக்கு எல்லாம் சரியாகத்தான் செய்தாய். எதற்கும் உன்னை நொந்துகொள்ளாதே.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 25

அக்கா,

அட்டை கையில் இருக்கிறது. இன்று இருபத்தைந்தாம் தேதி. நீ முப்பதாம் தேதி வரைக்கும் டிக் போட்டிருக்கிறாய். இருபத்தேழாம் தேதி குளித்திருக்கிறாய். இருபத்தொன்பதாம் தேதி நடந்திருக்கிறாய். இன்னும் வராத நாளில் யாரிடமோ ஒரு வாக்கியம் பேசியிருக்கிறாய்.

என் வாழ்நாளில் நீ எனக்கு ‘அன்புள்ள தம்பிக்கு’ என்று எழுதியதே இல்லை.

எல்லா டிக்கும் ஒரே மூச்சில் போட்டது. ஒரே பேனா, ஒரே சாய்வு. மேலிருந்து கீழாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் அடுத்த கட்டத்தைத் தொடுகிறது, கையை எடுக்காமல் இழுத்திருக்கிறாய். எப்படித் தெரியும் என்று கேட்காதே. அந்த மாதிரி டிக்கை உலகத்தில் வேறு யாருக்குத் தெரிகிறதோ இல்லையோ, எனக்குத் தெரியும்.

போன வருஷம் நீ சட்டை தைத்து அனுப்பிய துணிப்பையில் தையற்கடை எண் இருந்தது. அந்தப் பையில்தான் ஸ்பானர் போட்டு வைத்திருக்கிறேன். எண்ணெய்க் கறை ஏறி ஒரு எண் ஆறா எட்டா என்று தெரியவில்லை. ஆறு போட்டேன், யாரோ ஒருவன் தூக்கத்திலிருந்து எழுந்து திட்டினான். எட்டு போட்டேன். தையற்காரம்மா எடுத்தார். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ‘இருங்க தம்பி, மேல போய்ப் பாத்துட்டு நானே கூப்பிடறேன். லைன வைங்க’ என்றார்.

வைத்து இருபது நிமிஷம் ஆகிறது.

நான் லிஃப்ட் இயந்திர அறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஃபோன் தரையில் இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கையை ஏதாவது வேலையில் வைக்காவிட்டால் கத்திவிடுவேன், அதனால் இதை எழுதுகிறேன். அடிக்கவேண்டும் என்றும் இருக்கிறது, அடித்துவிடக்கூடாது என்றும் இருக்கிறது. அடிக்காத வரைக்கும் நீ இருக்கிறாய். ஒரு மணிச் சத்தத்துக்கு ஒரு ஆள் எப்படி நடுங்குவாள் என்று இப்போதுதான் தெரிகிறது. உன்னிடம் இருபது டிக் கேட்டேன். செருப்பு வாங்கு என்றேன். என் வாயை

ஃபோன் அடிக்கிறது

*

ஜூன் 29

டேய்,

‘ஃபோன் அடிக்கிறது’ என்று நிறுத்தியதை அப்படியே தபாலில் போட்டிருக்கிறாய். இன்று வந்தது. பாதியில் விட்ட கடிதம் என்பதால் இரண்டு முறை படித்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம். யாரைக் கேட்டு என் வீட்டுக்கு ஆளை அனுப்பினாய்? அந்த அம்மா கதவைத் தட்டத் தட்ட நான் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். தட்டுவது நின்றது. போய்விட்டார் என்று நினைத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது.

“ஏம்மா, நாலு சட்டை கையோட எடுத்துட்டு வந்திருக்கேன். நீ தொறக்கிற வரைக்கும் இந்தப் படியில உக்காந்து பட்டனுக்குக் காஜா எடுக்கறேன். எனக்கொண்ணும் அவசரமில்ல.”

நிஜமாகவே உட்கார்ந்துவிட்டார். முதல் சட்டை முடிந்ததும், “ஒண்ணு ஆச்சு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ரெண்டு. இங்க வெளிச்சம் பத்தல, என் கண்ணு போனா உன் தம்பிதான் கண்ணாடி வாங்கித் தரணும்.” மூன்றாவது சட்டையில் எழுந்து திறந்தேன்.

அவர் கையில் என் செருப்பு இருந்தது. “முனையில கெடந்துச்சு. உன்னோடதுன்னு தெரியும். நீயா வந்து கேப்பேன்னு எடுத்து வெச்சிருந்தேன்.” அறையைச் சுற்றிப் பார்த்தார். அறிவுரை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். துணியை அளக்கிற மாதிரி என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்.

“செத்துப் போயிடலாம்னு நெனச்சியா?”

“ஆமா.”

அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னால் கூரை இடிந்து விழும் என்று இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தேன். ஒன்றும் விழவில்லை. “சரி, செருப்ப மாட்டு” என்றார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் வரிசை. உட்கார பெஞ்சு பத்தாமல் பாதிப் பேர் தரையில். எல்லோரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதில் தேர்ந்தவர்கள். டாக்டருக்கு எனக்காக ஏழு நிமிஷம் இருந்தது, அதை ஒழுங்காகச் செலவழித்தார். அட்டையைப் பற்றிச் சொன்னேன். “யாரு போட்டுத் தந்தது?” “தம்பி, லிஃப்ட் மெக்கானிக்.” “பழக்கம் நல்லதுதான். ஆனா இப்ப உங்களுக்கு ஆறு ஜாஸ்தி. ரெண்டு போதும்னு அவர்ட்ட சொல்லுங்க. மருந்தும் வேணும், தனியா இருக்கவும் கூடாது.” மாத்திரை தையற்காரம்மாவிடம் இருக்கிறது. தினமும் அவர்தான் எடுத்துக் கொடுக்கிறார். அவருடைய மகள் அறையில் படுத்துக்கொள்கிறேன். அவள் குறட்டை விடுகிறாள். அது அடங்கினால்தான் இப்போது எனக்குத் தூக்கம் கலைகிறது.

டிக்கைப் பற்றிக் கேட்கிறாய். சொல்கிறேன். எங்கள் மையத்தில் ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் ‘வாடிக்கையாளர் திருப்தி’ என்று ஒரு கட்டம் வரும். எதிர்முனையில் ஒருவன் என்னைப் பெற்றவளைத் திட்டிவிட்டு வைத்திருப்பான். டிக் போடுவேன். போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று ஒரு பக்கம் எழுதவேண்டும். ஆறு வருஷம் அப்படிப் போட்டவளிடம் நீ கட்டம் போட்ட அட்டையைக் கொடுத்தாய். இருபது வேண்டும் என்றும் சொன்னாய். எனக்கு மூன்றுதான் முடிந்தது. உனக்குத் தோற்றுப்போன மாதிரி இருக்கக்கூடாது என்று நினைத்தேன். அந்த நாட்களில் நான் இருப்பேன் என்று நினைக்கவில்லை. கட்டமாவது நிறைந்திருக்கட்டும் என்று போட்டேன்.

இப்போது நான் கேட்கிறேன். ‘அந்த மாதிரி டிக்கை எனக்குத் தெரியும்’ என்று எழுதியிருக்கிறாய். எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் என்ன நடந்தது? சம்பிரதாயம் என்று எழுதாதே. ஆறு வருஷம் பொய் கேட்ட காது இது.

அக்கா

*

ஜூலை 2

அக்கா,

அன்றைக்குத் தையற்காரம்மா ஃபோனில், “கதவத் தொறந்துட்டா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று மட்டும் சொன்னார். நான் இயந்திர அறைத் தரையிலேயே படுத்துவிட்டேன். நீ கோபமாகக் கடிதம் எழுதியிருக்கிறாய். நீ திட்டத் திட்ட எனக்கு நன்றாக இருந்தது.

கேட்டதற்குப் பதில். ஏப்ரல் மாதம் அந்த லிஃப்ட்டின் பிரேக்குக்கு நான் டிக் போட்டேன். பிரேக்கை நான் பார்க்கவில்லை. அன்றைய பட்டியலில் அது பன்னிரண்டாவது லிஃப்ட். உணவு இடைவேளையில் வராந்தாவில் உட்கார்ந்து மூன்று கட்டிடத்துக்குச் சேர்த்து ஒரே மூச்சில் இழுத்தேன். எல்லோரும் செய்கிறோம். அடுத்த வாரத்து அட்டையை இந்த வாரமே நிரப்பி வைத்துக்கொள்கிற ஆள் எல்லாம் எங்களில் உண்டு. கெட்டிக்காரன் என்று பேர்.

மே மாதம் பிரேக் தேய்ந்துபோய், கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் கீழே இறங்கிவிட்டது. துப்புரவு செய்கிற அந்த அம்மாள் வாளியோடு வெளியே கால் வைத்த நேரம். கணுக்கால் நொறுங்கிவிட்டது. ஐம்பது வயசிருக்கும். தினமும் என்னைப் பார்த்து, “என்னப்பா, இன்னிக்கும் ஓடுமா உன் பொட்டி?” என்று கேட்பார். நானும், “ஓடும் ஓடும், ஏறுங்க” என்பேன்.

எட்டாம் தேதி விசாரணை. எல்லாவற்றையும் சரிபார்த்தேன், அந்த அம்மாள்தான் அவசரப்பட்டுக் காலை வைத்தார் என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். காகிதம் தயாராக இருக்கிறது, கையெழுத்துப் போட்டால் போதும். “ஒரு டிக்குதானேய்யா, எத்தனையோ போட்டிருக்கே” என்கிறார் மேற்பார்வையாளர். போடாவிட்டால் வேலை போகும். வழக்கு வரலாம், உள்ளேகூட வைக்கலாம். பயத்தில் மூன்று நாளாகச் சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை. உனக்கு ‘சூடாகச் சாப்பிடு’ என்று கட்டம் போட்டவன் நான்.

உன் அட்டையைப் பார்க்கிற வரைக்கும் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். இப்போது அந்தக் காகிதத்தை எடுத்தால் உன் இருபத்தேழாம் தேதிதான் கண்ணில் நிற்கிறது. பார்க்கவில்லை என்று சொல்லப்போகிறேன். பதினாலை எவனாலும் பார்க்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லப்போகிறேன். அங்கே போனதும் நாக்கு எழுமா என்று தெரியவில்லை.

புது அட்டை வைத்திருக்கிறேன். டாக்டர் சொன்ன மாதிரி இரண்டே வரி. ஜன்னல், ஒரு வாக்கியப் பேச்சு. கட்டத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். டிக் வேண்டாம். என்ன நடந்ததோ அதை எழுது. ‘இல்லை’ என்றும் எழுதலாம். எண்ணமாட்டேன், சத்தியம். ஒன்றே ஒன்று. அன்றைய கட்டத்தை அன்றைக்கு எழுது.

முட்டைக்கண்ணன்

*

ஜூலை 11

டேய் முட்டைக்கண்ணா,

உன் கடிதமும் அட்டையும் திங்கட்கிழமை வந்தன. அட்டையில் உள்ளதை இங்கே பார்த்து எழுதுகிறேன்.

திங்கள். ஜன்னல் திறந்தேன், உடனே மூடினேன். பேச்சு: தையற்காரம்மாவிடம், “கொக்கி தீர்ந்துடுச்சு.” அவருக்கு ரவிக்கைக் கொக்கி தைத்துக் கொடுக்கிறேன். கோணலாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் பிரித்துவிட்டு என்னிடமே திரும்பத் தருகிறார்.

செவ்வாய். ஜன்னல் இல்லை. பேச்சு ஒன்று உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். மற்றபடி நாள் முழுக்கப் போர்வை.

புதன். உன் விசாரணை நாள். ஜன்னலைத் திறந்து சாயங்காலம் வரை அதன் பக்கத்திலேயே நின்றேன். எழுத வேறு ஒன்றும் இல்லை.

வியாழன் காலையில் கடை ஃபோன் அடித்தது. நான் மூன்றடி தள்ளிக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி விரலில் ஏறிவிட்டது. தையற்காரம்மா எடுத்து, “சொல்லுங்க தம்பி” என்றார். பிறகு ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: “கையெழுத்துப் போடலையாம். உள்ளதச் சொல்லிட்டானாம். வேலைய நிறுத்தி வெச்சிருக்காங்களாம், மேல என்னன்னு தெரியலையாம். பேசறியா?”

என்னால் முடியவில்லை. ரிசீவர் என் முகத்துக்கு நேராக நீண்டுகொண்டிருந்தது, உள்ளே நீ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. தலையை ஆட்டிவிட்டேன். அந்தக் கட்டத்தில் ‘பேச்சு: இல்லை. ஆனால் கேட்டேன்’ என்று எழுதியிருக்கிறேன். நீ மூக்கை உறிஞ்சினாய். ஆறாம் வகுப்பிலிருந்து கைக்குட்டை வைத்துக்கொள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளி. ஜன்னல். செடியைத் திரும்பக் கேட்டேன். “நல்லா வந்துட்டிருக்கு, தரமாட்டேன், வேணும்னா வந்து பாத்துக்கோ” என்கிறார். பேச்சுக் கணக்கில் இதைச் சேர்க்கலாம்.

சனி, இன்று. ஜன்னல் உண்டு. பேச்சு, அவர் மகளிடம் குறட்டையைப் பற்றி. அடிக்க வந்துவிட்டாள்.

உனக்கு என்ன ஆகும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு என்ன ஆகும் என்றும்தான். மாத்திரை வேலை செய்ய இன்னும் சில வாரம் ஆகுமாம். போய்விட்டது என்று நினைத்த அந்தச் சாவு நினைப்பு செவ்வாய்க்கிழமை திரும்ப வந்தது. தையற்காரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் தைப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். நீயும் யாரிடமாவது சொல். சூடாக ஏதாவது சாப்பிடு. கால் நொறுங்கிய அந்த அம்மாளைப் போய்ப் பார். அவர் திட்டினால் நின்று கேட்டுக்கொள், வாய் திறக்காதே. திட்டு வாங்குவதில் நான் உனக்கு மூத்தவள், சொன்னால் கேள்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடை ஃபோனுக்குக் கூப்பிடு. நானே எடுக்கப் பார்க்கிறேன். எடுத்துப் பேசாமல் நின்றால் வைத்துவிடாதே.

அட்டையை இந்தத் தடவை அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் காலியாக இருக்கிறது. நாளைக்கு எழுதவேண்டும்.

அக்கா